நல்ல செய்தியை யாரிடம், எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முப்பது, நாற்பது வயதிலும், சிலர் அறுபதைத் தாண்டியும் முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்குவார்கள். அவர்கள் கேட்பதில் பாதி, மூச்சு விடுவதையும் கால் உதைப்பதையும் பற்றி இருக்கும். மீதிப் பாதிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இருக்காது. "மாஸ்டர், இதை வீட்டுல சொன்னா சிரிப்பாங்களா?" என்பதுதான் அதில் முதல் கேள்வி. பேச்சு அப்படியே அலுவலகத்தில் கிடைத்த உயர்வு, தேர்வு முடிவு, அடைத்து முடித்த கடன் என்று வளர்ந்துவிடும். ஒரே சந்தேகங்கள் பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

நல்லது நடந்துச்சு, சந்தோஷமா இருக்கேன். அதை இன்னொருத்தர்கிட்ட வேற சொல்லணுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னால் கிடைப்பது தனி. உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைத் தினமும் குறிப்பு எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். நல்லது நடந்த நாளில் மனம் உயர்வது இயல்புதான். அதையே யாரிடமாவது சொன்ன நாட்களில், நடந்த விஷயத்தால் வந்த மகிழ்ச்சிக்கு மேலேயும் கொஞ்சம் கூடியிருந்தது. கேட்டவர் ஆர்வமாகக் கேட்டபோது இன்னும் கூடியது.

காரணம் ரொம்ப எளிது. ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதை மறுபடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே நின்றோம், என்ன நினைத்தோம், எந்த நொடியில் பயம் போனது என்று வார்த்தை தேடும்போது அது இரண்டாவது தடவை நடக்கிறது. சொல்லாமல் விட்டால், அடுத்த வேலை வந்ததும் முதல் தடவையே மங்கிவிடும்.

இதெல்லாம் ஒரு விஷயமா? சொல்ற அளவுக்குப் பெருசா இல்லையே?

என்னிடம் வந்த ஒருவருக்கு நாற்பத்தாறு வயது. முதல் மூன்று வாரம் குளத்தின் விளிம்பை விடவே மாட்டார். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருப்பார். நான்காவது வாரம் ஒருநாள் மல்லாந்து படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போக, பத்து நொடி மிதந்தார். எழுந்ததும் என்னைப் பார்க்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். யாராவது பார்த்தார்களா என்று தேடியிருக்கிறார். பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தன. "பத்து செகண்டுதானே மாஸ்டர்" என்று அவரே அதைக் குறைத்துக்கொண்டார்.

அளவை அடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து எடுத்தால் எதுவுமே சின்னதாகத்தான் தெரியும். நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து எடுங்கள். தெரசா அமபிலே, ஸ்டீவன் கிரேமர் இருவரும் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய, ஏறத்தாழ 12,000 தினக்குறிப்புகளை அலசி, 2011-இல் முடிவுகளை விரிவாக எழுதினார்கள். வேலைக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யாத சின்னச் சம்பவங்களில் 28 சதவீதம், ஆட்களின் மனநிலையைப் பெரிதாக அசைத்திருந்தன. சின்ன முன்னேற்றம் சின்ன மகிழ்ச்சியைத்தான் தரும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

சரி, சொல்லலாம். முதல்ல யார்கிட்ட?

உங்களோடு சேர்ந்து காத்திருந்தவர் யாரோ அவரிடம். தேர்வுக்குப் படித்த நாட்களில் விளக்கை அணைக்காமல் பொறுத்துக்கொண்டவர், நேர்காணலுக்கு முந்தின இரவு உங்கள் புலம்பலைக் கேட்டவர். இவர்கள் செய்தியைப் பிறர் வாயால் கேட்டால் வருத்தப்படுவார்கள், அதுவும் நியாயமான வருத்தம்.

அப்படி யாரும் இல்லாத செய்தி என்றால், கேள்வி கேட்கும் பழக்கம் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு மிக நெருங்கியவர்தான் மிக நன்றாகக் கேட்பார் என்று எந்த விதியும் கிடையாது. சிலருக்குக் கூடப் பிறந்த அக்காவைவிட, பக்கத்து மேசை நண்பர் நல்ல கேட்பவராக அமைந்துவிடுகிறார். கஷ்டத்தைச் சொல்ல ஒருவர், சந்தோஷத்தைச் சொல்ல இன்னொருவர் என்று இருப்பதிலும் தப்பில்லை.

எப்படிச் சொன்னாலும் பீத்திக்கிற மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கே?

இந்தப் பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. ஐரீன் ஸ்கோபெல்லிட்டியும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2015-இல் காட்டியது இது: தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்பவர், கேட்பவர் தனக்காக எவ்வளவு மகிழ்வார் என்பதைக் கூட்டிக் கணக்கிடுகிறார், எவ்வளவு எரிச்சல்படுவார் என்பதைக் குறைத்துக் கணக்கிடுகிறார். ஆக, கொஞ்சம் எச்சரிக்கை நல்லதுதான். வாயையே மூடிக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம்.

நான் கவனித்தவரை, எரிச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் ஒப்பீடுதான். "எங்க பேட்ச்ல நான்தான் முதல்ல ஆழமான பக்கம் போனேன்" என்றால் கேட்பவர் உடனே தன்னை ஓர் அளவுகோலில் நிறுத்திக்கொள்கிறார். "இன்னிக்கு ஆழமான பக்கம் போனேன். கால் தரையில படல. ஒரு நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, அப்புறம் அடங்கிடுச்சு" என்றால் அவரும் உங்களோடு தண்ணீருக்குள் வந்துவிடுகிறார். என்ன நடந்தது, உள்ளே எப்படி இருந்தது, யார் கைகொடுத்தார்கள். இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும். அடைமொழியைக் கேட்பவரிடம் விட்டுவிடுங்கள், அவரே போடுவார்.

அலுத்துக்கிற மாதிரி சொன்னா அடக்கமா தெரியாதா? "அய்யோ, இன்னொரு பொறுப்பையும் என் தலையில கட்டிட்டாங்க"ன்னு?

தெரியாது. ஓவுல் சேசரும் அவருடைய குழுவும் 2018-இல் இதைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். புலம்பல் வேடத்தில் வரும் பெருமை, நேரடியான பெருமையைவிடவும் வெறும் புலம்பலைவிடவும் மோசமாகவே எடுபட்டது. கேட்பவருக்கு இரண்டும் தெரிகிறது, மறைக்கப் பார்த்ததும் தெரிகிறது. "பதவி உயர்வு கிடைச்சிருக்கு, சந்தோஷமா இருக்கு" என்று நேராகச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் சுலபம்.

ஆசை ஆசையா சொன்னேன். "ஓ, நல்லது"ன்னு சொல்லிட்டு போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் சொன்ன விதம் தப்பா?

இருக்காது. நல்ல செய்தி என்பது சொல்பவர் பாதி, கேட்பவர் பாதி. முதல் கேள்வியில் சொன்ன கேபிளின் குழு, கேட்பவர்களின் பதில்களை நான்கு வகையாகப் பிரித்தது. என் வகுப்புக்கு வரும் ஒரு பெண்மணி முதல் தடவையாக 25 மீட்டர் நிற்காமல் நீந்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் "ம், நல்லது" என்கிறார். மறுப்பில்லை, உயிரும் இல்லை. இது ஒரு வகை. "தலையைச் சரியா துவட்டினியா? சளி பிடிச்சா யார் பார்க்கிறது? இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றால் ஆர்வமாகத்தான் பேசுகிறார், ஆனால் செய்தியைக் கிழித்துப் போடுகிறார். "கேஸ் புக் பண்ணியா?" என்றால் செய்தி காதிலேயே விழவில்லை. நான்காவது: "நிற்காமலா? நடுவுல மூச்சு எப்படி விட்டே? அப்புறம்?"

இந்த நான்காவது வகை மட்டும்தான் உறவுக்கு உரமாகிறது. மற்ற மூன்றும், அந்த நல்ல மனசோடு சொன்ன "ம், நல்லது" உட்பட, உறவு நன்றாக இருப்பதோடு சேர்ந்து போகவில்லை. 2006-இல் காதலர்களிடம் கேபிளும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் பார்த்ததில், கஷ்டத்தைக் கேட்டுத் துணை எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட, நல்லதைக் கேட்டு எப்படி நடந்துகொண்டார் என்பதே உறவின் நலத்தை அதிகம் காட்டிக்கொடுத்தது. அழும்போது தோள் கொடுப்பவர்தான் உற்றவர் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். சிரிக்கும்போது கூட உட்காருபவரைக் கவனிப்பதே இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்றால், நேரம் பாருங்கள். செருப்பைக் கழற்றும் முன்னே, அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் யாருக்கும் "ஓ"தான் வரும். "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கா? ஒரு நல்ல விஷயம் சொல்லணும்" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்டு வாங்கினால் மதிப்பில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாலும் தாகம் அடங்கத்தானே செய்கிறது.

மத்தவங்க நல்ல செய்தி சொன்னா எனக்கு "வாழ்த்துகள்" தவிர எதுவும் வரமாட்டேங்குது. என்ன பேசுறது?

"அப்புறம்?" என்று கேளுங்கள். நம் மொழியில் இதைவிட நல்ல ஒற்றைச் சொல் பதில் எனக்குத் தெரிந்து இல்லை. முந்தைய பதிலில் வந்த கணவருக்கும் இதைத்தான் சொல்வேன். வாழ்த்துகள் என்பது கதவைச் சாத்தும் சொல், அதற்குப் பிறகு "நன்றி" என்பதோடு முடிந்துவிடும். "எப்போ தெரிஞ்சுது? அப்போ எங்க இருந்தே? யார்கிட்ட முதல்ல சொன்னே?" என்று கேட்டால் அவர் அந்த நொடிக்கே திரும்பிப் போவார்.

இரண்டு விஷயத்தைத் தவிர்த்தால் நல்லது. "எனக்கும் இப்படித்தான் போன வருஷம்..." என்று செய்தியை உங்கள் பக்கம் திருப்புவது ஒன்று. உங்கள் கதைக்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது. இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக் கத்துவது இன்னொன்று. அமைதியான ஆள் அமைதியாகவே கேட்கலாம். என்னிடம் வரும் ஒரு பெரியவர் வாழ்த்தவே மாட்டார், ஆனால் மறுநாள் வந்து "நேத்து சொன்னியே, அது என்னாச்சு?" என்பார். அவரிடம் சொல்லத்தான் எல்லோரும் போட்டி போடுகிறார்கள்.

கேட்கும்போது உள்ளுக்குள்ள பொறாமையா இருந்தா? நான் கெட்டவளா?

இல்லை. யாரிடம் பொறாமை வருகிறது என்பதைப் பார்த்தால் புரியும். ஆபிரகாம் டெஸ்ஸர் 1988-இல் விரிவாக எழுதிய கோட்பாடு ஒன்று இருக்கிறது. நெருங்கியவர் ஒருவர் ஜெயித்தால் நமக்கு இரண்டில் ஒன்று நடக்கும். அவர் ஜெயித்தது நமக்குச் சம்பந்தமில்லாத துறை என்றால் "என் தோழி பாட்டில் பரிசு வாங்கினாள்" என்று நாமே பெருமை பேசுவோம். நாமும் உயிரைக் கொடுத்து முயலும் அதே துறை என்றால் வலிக்கும், நெருக்கம் கூடக்கூட வலியும் கூடும். யாரோ ஒருவர் வென்றால் வராத பொறாமை உயிர்த்தோழி வென்றால் வருவது இதனால்தான்.

அந்த நொடியில் மனதைத் திருத்த முயல வேண்டாம், அது நடக்காது. வாயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலை உண்மையிலேயே கவனியுங்கள். அவள் எத்தனை தடவை தோற்றாள், எங்கே அழுதாள் என்று கேட்கக் கேட்க, பரிசு மட்டும் தெரிந்த இடத்தில் ஆள் தெரிய ஆரம்பிப்பாள். பௌத்தத்தில் பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வதற்கு முதிதை என்று பெயர். அன்பு, கருணை, சமநிலை ஆகியவற்றோடு சேர்த்து அதையும் பழகி வளர்க்க வேண்டியதாகவே வைத்திருக்கிறார்கள். இயல்பாகவே வந்துவிடுவது என்றால் பயிற்சி எதற்கு?

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா முயற்சி பண்ணினோம். எனக்குக் கிடைச்சுது, அவளுக்குக் கிடைக்கல. மறைச்சுடலாமா?

மறைக்காதீர்கள். தொகுப்பிலேயே சிக்கலான கேள்வி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மறைப்பவரின் எண்ணம் நல்லதுதான்: அவள் மனம் நோகக் கூடாது. ஆனால் மறைத்தது தெரியவரும்போது (தெரியாமல் போகாது) அவளுக்குக் கேட்பது வேறு: "என்னால் இதைத் தாங்க முடியாது என்று நீயே முடிவு செய்துவிட்டாய்." அனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவின், சேசர் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. வெற்றியை மறைத்தவர்மீது நெருக்கமும் நம்பிக்கையும் குறைகின்றன, தன்னைச் சின்னப்பிள்ளை போல் நடத்தியதாக மற்றவர் உணர்கிறார்.

சொல்லும் முறையை மாற்றலாம். இத்தகைய செய்திக்கு மட்டும், நேரில் சொல்வதைவிடக் குறுஞ்செய்தி கனிவானது என்பது என் கருத்து. குழந்தைக்காக வருடக்கணக்கில் ஏங்கும் தோழியிடம் கருவுற்றதைச் சொல்வது போன்ற இடங்கள். நேரில் சொன்னால் அவள் அந்த நொடியிலேயே முகத்தைச் சிரிக்க வைத்தாக வேண்டும். செய்தியாக அனுப்பினால் தனியே படிக்கலாம், அழ வேண்டுமானால் அழலாம், பிறகு பேசலாம். "உனக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு நினைச்சேன். உடனே பதில் போட வேண்டாம்" என்று சேர்த்துவிடுங்கள். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் அவளுக்கும் சேர்த்து அறிவிப்பதுதான் நான் பார்த்ததிலேயே கொடுமையான முறை.

முடியறதுக்கு முன்னாடி வெளியில சொன்னா கைகூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

கண் பட்டுவிடும் என்ற அர்த்தத்தில் கேட்டால், அது அவரவர் நம்பிக்கை. வேறொரு அர்த்தத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் சட்ட மாணவர்கள் உள்ளிட்டவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், "நான் இப்படி ஆகப்போகிறேன்" என்ற எண்ணத்தை இன்னொருவர் கவனித்து ஏற்றுக்கொண்டபோது, அதற்கான உழைப்பு குறைந்தது. பாதி ஆகிவிட்டது போன்ற நிறைவு முன்கூட்டியே வந்துவிடுகிறது.

அதனால் நான் சொல்லும் வழி: ஆகப்போவதை அறிவிக்காதீர்கள், ஆனதைச் சொல்லுங்கள். "நான் நீச்சல் வீரனாகப் போறேன்" வேண்டாம், "இன்னிக்கு நாலு நாளா வராத மூச்சு வந்துடுச்சு" சரி. உறுதியான நல்ல செய்தியைச் சில நாள் உள்ளேயே வைத்திருப்பதிலும் ஒரு சுகம் உண்டு. நல்ல ரகசியம் மனிதரைச் சுறுசுறுப்பாக்குகிறது என்று மைக்கேல் ஸ்லெபியன் 2023-இல் எழுதியிருக்கிறார். பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கி ஒளித்து வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் தம்பிக்கு வேலை கிடைச்சதை நான் எல்லாருக்கும் சொல்லலாமா?

அவனிடம் கேட்டுவிட்டு. அவன் சொல்லி முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும் உரிமை அவனுடையது.

குரூப்ல போட்டேன். நாற்பது பேர்ல மூணு கட்டைவிரல். அவ்வளவுதானா என் மதிப்பு?

நாற்பது பேருக்குச் சொன்னால், அதில் ஒவ்வொருவரும் மற்ற முப்பத்தொன்பது பேர் பதில் போடுவார்கள் என்று நினைக்கிறார். பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். குழு என்பது தகவல் பலகை, அங்கே "அப்புறம்?" என்று கேட்க யாரும் வருவதில்லை. முதலில் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லி, உங்களுக்கு வேண்டியது கிடைத்த பிறகு குழுவில் போட்டுப் பாருங்கள். மூன்று கட்டைவிரல் அப்போது மூன்றாகவே தெரியும்.

அப்பாகிட்ட எது சொன்னாலும் "இதுக்கே இவ்வளவா?"ம்பார். வருஷக்கணக்கா இதேதான். இன்னும் சொல்லிட்டே இருக்கணுமா?

என் அப்பாவும் அந்த ரகம்தான். இருபது வயதில் போட்டி ஒன்றில் மூன்றாவதாக வந்துவிட்டு ஓடிவந்து சொன்னேன். "துண்டு எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டார். அன்றைக்கு அது முகத்தில் அறைந்தது போல் இருந்தது. சிலருக்கு அக்கறையைக் கவலையின் மொழியில்தான் பேச வரும் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அதனால் இப்படிச் செய்யலாம். புதுச் செய்தி இளஞ்சூட்டில் இருக்கும்போது, மூன்றாவது கேள்வியில் சொன்ன ஆளிடம் கொண்டு போங்கள். அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்து, தகவலாகச் சொல்லுங்கள். பாராட்டு தேவைப்படாத நிலையில் சொன்னால் அவர் பதில் அவ்வளவு உறைக்காது. ஒரு தடவை வெளிப்படையாகவும் கேட்டுப் பார்க்கலாம்: "அப்பா, இதுக்கு நான் எப்படித் தயாரானேன்னு கேளுங்களேன்." எல்லா அப்பாக்களும் மாறமாட்டார்கள். வேண்டுமென்றே மட்டம்தட்டி மகிழ்பவர் என்று உறுதியாகத் தெரிந்தால், அவருக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

சொல்றதுக்கு யாருமே இல்லைன்னா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் வந்து கேட்பார்கள். எழுதி வைப்பது உதவும், தேதி போட்டு, முதல் கேள்வியில் சொன்னது போல அந்த நொடியை விவரமாக. பல வருடம் முன்பு சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம், "நீங்கள் அன்று சொன்னது இன்று பலித்தது" என்ற செய்தியைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. நெருக்கமில்லாதவர்களும் மோசமில்லை.

பத்து நொடி மிதந்தவரைச் சொன்னேன் அல்லவா, அவர் தனியாக வாழ்பவர். அன்று நான் அடுத்த வகுப்பில் மும்முரமாக இருந்துவிட்டேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரத் தலையோடு வெளியே போனவர் வாசலில் நின்று காவலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, "காதுக்குள்ள தண்ணி போயிருக்குமே சார், அப்போ என்ன கேட்டுச்சு?" என்று கேட்டார்.